கயிறு கட்டிய டின்

அண்ணி அந்தச் சட்னியைச் சாப்பிட்டுச் சரியாக இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் அது எந்தக் கடலையில் அரைத்தது என்று எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு அண்ணி சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு அப்பா ரசம் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். குறிப்பாக யாரிடமும் சொல்லவில்லை. வயல் போர்வெல் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது, புதுக்கோட்டையில் கட்டக் கொடுத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வராது, ஞாயிற்றுக்கிழமைதான் விதைக்க முடியும் என்றார். அவசரப்பட்டு விதைக் கடலைக்கு மருந்து புரட்டிவிட்டேனே என்று வருத்தப்பட்டார்.

"டின்னுல போட்டுக் கயிறு கட்டி அடுப்படியிலதான் வச்சிருக்கேன். கொட்டகையில வச்சா எலி விடாது. கயிறு கட்டுன டின்ன மட்டும் யாரும் தொட்டுறாதீங்கத்தா."

அண்ணி சரி மாமா என்றார். நான் ரசக் கரண்டியோடு நின்றேன். அப்பா தட்டை நீட்டினார். ஊற்றினேன். கொஞ்சம் அவர் கைமேல் விழுந்தது. சுடவில்லை போலிருக்கிறது, பிசையத் தொடங்கினார்.

கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அண்ணன் எழிலரசன் மஸ்கட்டில் இருக்கிறார். ஒவ்வொரு லீவுக்கும் பெரிய பெரிய பால்பவுடர் டின்களாகக் கொண்டுவருவார். பவுடர் தீர்ந்ததும் டின் அடுப்படிக்கு வந்துவிடும். அப்படிப் பதினோரு டின் இருக்கிறது. எல்லாம் ஒரே மஞ்சள் நிறம். துவரை, உளுந்து, பயறு, கடலை எல்லாம் அவற்றில்தான். ஒரே சாமான் இரண்டு டின்னில் இருந்தால், பழையதை முதலில் தீர்க்க வேண்டும் என்று அம்மா அதன் மூடிக்கு மேல் ஒரு கயிறு கட்டிவைப்பாள். கயிறு கட்டியிருந்தால் இதை முதலில் எடு என்று அர்த்தம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் அர்த்தம். ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் அந்தக் கயிறுகள் தொங்கும். அப்பா அதே ஆணியிலிருந்து ஒன்றை எடுத்திருக்கிறார். அவருக்கு அதன் அர்த்தம், தொடாதே. முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கயிற்றைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பொன்னமராவதிக்குப் போய்விட்டாள். சித்திக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பத்து நாளாவது கூட இருக்க வேண்டும். அப்பா மருந்து புரட்டியது அன்று மதியம். அம்மா இருந்திருந்தால் பார்த்திருப்பாள்.

எனவே அடுப்படி என் கையில் வந்தது. நான் திருக்கோகர்ணத்தில் ஒரு தனியார் லேபில் வேலை பார்க்கிறேன். கிணற்று நீர், போர் தண்ணீர் கொண்டுவந்து தருவார்கள். உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று பிபிஎம் கணக்கில் பார்த்து எழுதித் தருவோம். பி.எஸ்ஸி. வேதியியல் படித்ததற்கு அதுதான் கிடைத்தது. காலையில் ஒரு சோறு, ஒரு குழம்பு வைத்துவிட்டு எட்டரை பஸ்ஸைப் பிடிப்பேன். அண்ணிக்கும் அதே பஸ்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் உட்காருகிறார். வருஷக் கடைசி என்பதால் மூச்சுவிட நேரமில்லை என்பார். சாயங்காலம் ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து சேர்வோம். எட்டு மணிக்குத்தான் மூன்று பேரும் ஒன்றாக உட்காருவோம்.

அண்ணிக்கு ஒன்பதாவது வாரம். இது மூன்றாவது முறை. முதலாவது ஏழாவது வாரத்தில் போய்விட்டது. இரண்டாவது பதினொன்றாவது வாரத்தில். அதனால் வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பா வாசல்படியில் தண்ணீர் சிந்தியிருந்தால் குனிந்து துடைக்கிறார். அவர் குனிந்து எதையும் துடைத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அண்ணிக்கு எதுவுமே வயிற்றில் தங்கவில்லை. சோறு வேகும் வாசம் ஆகாது, தாளிக்கும் வாசம் ஆகாது. திங்கட்கிழமை தோசைக்கு என்ன சட்னி வைக்கலாம் என்று யோசித்தேன். தேங்காய் இல்லை. கயிறு கட்டிய டின் கண்ணில் பட்டது. முடிச்சு இறுகியிருந்தது. கத்தியால் அறுத்தேன். உள்ளே உடைத்த நிலக்கடலைப் பருப்பு, மேலெல்லாம் வெள்ளையாகத் தூசி. வண்டு விழாமல் இருக்க அம்மா பயற்றுக்குச் சாம்பல் தூவுவது வழக்கம். அதுதான் என்று நினைத்தேன். ஒரு டம்ளர் எடுத்து, முறத்தில் புடைத்து, வறுத்து, தோலைத் தேய்த்து ஊதி, மிளகாயும் புளியும் வைத்து அரைத்தேன்.

அண்ணி நான்கு தோசை சாப்பிட்டார். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். கிண்ணத்தை அண்ணி பக்கம் தள்ளினார்.

"ஒங் கையில என்னமோ இருக்கு மேகலா," என்றார் அண்ணி, கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டே.

சட்னி தீர்ந்துவிட்டது. நான் இட்லிப்பொடி தொட்டுச் சாப்பிட்டேன். அன்று இரவு அண்ணி வாந்தி எடுக்கவில்லை. அப்பா அம்மாவுக்கு போன் போட்டு அதை மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் படுக்கப் போனதும் அந்த டின்னை எடுத்துப் பார்த்தேன். நாலில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. கயிற்றைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்று ஆணியிலிருந்து வேறொன்றை எடுத்தேன். அப்பா போடுவது மூட்டைக்குப் போடும் முடிச்சு. எனக்கு வரவில்லை. வேறு முடிச்சைப் பார்த்தால் யார் அவிழ்த்தது என்று கேட்பார். டின்னை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். அங்கே யாரும் கை விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை விடிவதற்கு முன் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். குப்பைக் குழியில் அந்த மருந்து பாக்கெட் கிடந்தது. பாதி கிழிந்திருந்தது. அதற்குள் பல மொழிகளில் பொடி எழுத்தில் மடித்த தாள் ஒன்று. தமிழ் இருந்த மடிப்பில் மண் ஒட்டியிருந்தது. துடைத்துப் படித்தேன். விதைகளைத் தின்னக் கூடாது, கால்நடைக்கும் போடக் கூடாது என்றிருந்தது. கீழே இன்னொரு வரி. கர்ப்பிணிப் பெண்கள் கையாளக் கூடாது.

கையாளவே கூடாது.

தாளை மடித்து சுடிதாருக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். தாள் என் மேல் உரசிக்கொண்டே வந்தது.

லேபில் கணக்குப் போட்டேன். கிலோவுக்கு இரண்டு கிராம் என்று பாக்கெட்டில் இருந்தது. நான் எடுத்தது நூறு கிராம் என்று வைத்தால் இருநூறு மில்லிகிராம். பொடியில் பாதிதான் மருந்து, ஆக நூறு. புடைத்ததில் கொஞ்சம் போயிருக்கும். தோலோடு இன்னும் போயிருக்கும். எவ்வளவு என்று தெரியாது. வறுத்த சூட்டில் அது சிதையுமா, தெரியாது. சட்னியில் முக்கால்வாசி அண்ணி சாப்பிட்டது. கடைசியில் எனக்கு ஒரு எண் வந்தது. அதைச் சரி என்றும் சொல்ல முடியவில்லை, தவறு என்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் லேபில் அதைப் பார்க்கும் இயந்திரம் கிடையாது. ஒரு பொருள் எங்களுக்குத் தட்டுப்படாவிட்டால் ரிப்போர்ட்டில் "கண்டறியும் அளவுக்குக் கீழே" என்று எழுதுவோம். இல்லை என்று எழுத மாட்டோம். அன்று அந்த வரியைப் பதினாறு ரிப்போர்ட்டில் டைப் செய்தேன்.

போனிலும் தேடினேன். பெரியவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது என்று இருந்தது. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி வேறு மாதிரி இருந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். இரண்டாவது பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை.

அன்று இரவு புளிக்குழம்பும் முருங்கைக்கீரையும். கீரையை அம்மாபோல ஆய வராது. காம்பு வாயில் அகப்பட்டது. அப்பா ஒரு காம்பை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தார்.

"லேபுல வேல பாக்குறவ வீட்டுக் குழம்புல உப்பு எத்தனை பிபிஎம்த்தா?"

அண்ணி சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். சாப்பிடும்போதே அண்ணன் வீடியோவில் வந்தார். வழக்கம்போல என்ன சாப்பிட்டாய் என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி சட்னியைப் பற்றிச் சொன்னார். நான்கு தோசை என்றார். அண்ணன் நம்பவில்லை. போனை என் பக்கம் திருப்பச் சொல்லி, தங்கச்சிக்கு இந்தத் தடவை என்ன வேண்டும், வாட்சா, போனா, கேட்டதை வாங்கி வருகிறேன் என்றார். எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். வெட்கப்படுகிறாள் என்று அண்ணி சொன்னார். வீட்டில் நான் பேசாமலிருந்தால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அது எனக்கு இவ்வளவு வசதியாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

போனை வைத்ததும் அண்ணி கேட்டார். "நாளைக்கும் அதையே அரைக்கிறியா?"

"கடலை தீந்துபோச்சு அண்ணி."

அதுவரை நான் சொல்லாமல்தான் இருந்தேன். அப்போதுதான் முதல் பொய்.

ஏன் சொல்லவில்லை என்று இன்று யார் கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான். எந்தச் சொல்லால் சொல்வது என்று தெரியவில்லை. பூஞ்சைக்கொல்லி என்று சொல்லலாம். அண்ணிக்கும் அப்பாவுக்கும் அது என்னவென்று மறுபடி விளக்க வேண்டும். ரசாயனம், பொடி என்று சொல்லலாம். கடைசியில், அப்பா சொல்லும் அதே சொல்லுக்குத்தான் வந்து சேர வேண்டும். மருந்து. சாப்பாட்டில் மருந்து இருந்தது. எங்கள் ஊரில் சாப்பாட்டையும் மருந்தையும் சேர்த்துச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வடக்குத் தெருவில் மூக்காயி என்று ஒருத்தர் இருக்கிறார். இருபது வருஷத்துக்கு முன் அண்ணன் பெண்டாட்டிக்குச் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று அவரைச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை நிற்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்றார்கள். உண்மையா என்று யாருக்கும் தெரியாது. இன்றும் விசேஷ வீட்டில் மூக்காயியைப் பந்தியில் பரிமாற விட மாட்டார்கள்.

நான் நாத்தனார். அரைத்தது நான். அந்தச் சட்னியை நான் மட்டும் தொடவில்லை.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் பெரிய பயமாக இருந்தது. இந்த முறையும் நிற்காவிட்டால், முதல் இரண்டு முறை சொன்னதையே சொல்வார்கள். அண்ணி உடம்பு அப்படி, நேரம் அப்படி என்பார்கள். அண்ணியும் அதை நம்புவார். சனிக்கிழமை ஸ்கேன். டாக்டர் வழக்கமாக, வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பார். இல்லை என்று அண்ணி உண்மையாகச் சொல்வார். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் வெளியே பெஞ்சில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வியாழக்கிழமை எட்டு மணி. எழுபத்திரண்டு மணி நேரம். பருப்பும் அப்பளமும் வைத்திருந்தேன். அண்ணி இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். நான் அண்ணியைத் தாங்கி பாத்ரூம் வரை கொண்டுபோனேன். கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, ரத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்த நான் அதை மட்டும் எண்ணவில்லை.

இல்லை என்றார்.

அப்பா வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தார். அண்ணியைப் படுக்கவைத்தோம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததால் இருக்கும், வாயுவாக இருக்கும் என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அரை மணியில் வலி விட்டது. அப்பா நிம்மதியாக மறுபடி தட்டின் முன் போய் உட்கார்ந்தார். காய்ந்த சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டார்.

நான் அண்ணியின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று, "அண்ணி," என்றேன்.

"நீ ஏன்டி அழுற?" என்று அவர் என் தலையைத் தடவினார். அம்மாவுக்கு அடுத்தபடி நீதான் எனக்கு என்றார். இந்தப் பிள்ளையை நீதான் முதலில் தூக்க வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சனிக்கிழமை வரை பொறுப்போம் என்று முடிவு செய்தேன். ஸ்கேனில் துடிப்பு இருந்தால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அப்படியானால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. துடிப்பு இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கவே இல்லை. துடிப்பு இருந்தாலும் எதுவும் நிச்சயமில்லை என்று எனக்குத் தெரியும். கண்டறியும் அளவுக்குக் கீழே என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. தெரிந்தும் அந்த முடிவுக்கு வந்தேன். அன்று தூங்கவும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை லேபில் கூட்டம். வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டேன். ஏழு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மாவு அரைத்து ஃபிரிட்ஜில் இருக்கிறது, தோசையும் தக்காளிச் சட்னியும் போதும், தக்காளி நான்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்கி நடந்தேன். மோட்டார் வந்துவிட்டது என்று அப்பா மதியமே போனில் சொல்லியிருந்தார். குரல் சந்தோஷமாக இருந்தது. வரப்பு ஓரமாகத் தண்ணீர் ஓடும் சத்தம் இருட்டில் கேட்டது.

வாசல் கேட்டைத் திறக்கும்போதே வாசம் வந்தது. வறுத்த கடலை.

செருப்பைக் கழற்றினேனா என்று நினைவில்லை.

அண்ணி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். தலையில் ஈரத் துண்டு. ஐந்து வாரமாக அவர் அடுப்புப் பக்கம் வந்ததில்லை. அந்த மஞ்சள் டின் திறந்தபடி மேடையில் இருந்தது. வாணலி அடுப்பில் இருந்தது. வறுத்தது ஒரு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. பாதிக் கடலைக்குத் தோல் போயிருந்தது. பக்கத்தில் மிக்ஸி ஜார், அதில் மிளகாயும் புளியும். ஈரத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தீந்துபோச்சுன்ன? அரிசி டிரம்முக்குப் பின்னாடி ஒரு டின்னு நெறையாக் கெடக்கு. நீ வக்கிற சாமான் ஒனக்கே தெரியல. நான் மாமாட்டக் கூடக் கேட்டுட்டேன்."

அப்பாவிடம் என்ன கேட்டார் என்றேன்.

வயலில் இருந்த அப்பாவுக்கு அண்ணி போன் செய்திருக்கிறார். ஒரு டின்னில் கடலை இருக்கிறது, எடுக்கலாமா, விதைக் கடலை இல்லையே என்று கேட்டிருக்கிறார். கயிறு இருக்கிறதா என்று அப்பா திருப்பிக் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், அப்படியானால் அது தின்கிற கடலைதான், தாராளமாக எடு என்று சொல்லிவிட்டார். அண்ணி எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார். அவ்வளவு கவனமாகக் கேட்டிருந்தார்.

பின்பக்கம் குழாயில் அப்பா கால் கழுவும் சத்தம் கேட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். வாசத்தை இழுத்து மூச்சுவிட்டார்.

"மருமக அடுப்படிக்கு வந்தாச்சா? அப்பப் புள்ளைக்கு நல்ல பசிதான்."

"தாங்க முடியல மாமா. இன்னிக்கு ஆபீஸ்ல பூரா இதே நெனப்பு," என்றார் அண்ணி. தட்டிலிருந்து ஒரு கடலையை எடுத்தார். இரண்டு விரலால் நசுக்கித் தோலை ஊதினார். தோல் பறந்து என் பக்கம் வந்தது. கடலையை வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. கடலை விழுந்து தரையில் உருண்டது. அப்பா துண்டை முகத்திலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். அண்ணி விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

என்ன சொல் என்று மூன்று நாளாகத் தேடியிருந்தேன். தேடியது எதுவும் வரவில்லை.

"அது விதைக் கடலை அண்ணி. மருந்து இருக்கு. கயித்த நான்தான் அறுத்தேன். திங்கக்கிழமை ஒங்களுக்கு அரைச்சுக் குடுத்ததும் இதுலதான்."